ஓட்டத்திற்குப் பின் ஒரு குவளைப் பால்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்பது நம் பழமொழி. உடலைப் பேண வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. நம் கல்லூரியில் உடலைப் பேணுவோருக்குக் குறைவில்லை. விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓடுவோர் உண்டு. மாலையில் கபடி ஆடுவோர் உண்டு. காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆள்சேர்ப்புக்கும் தம்மைப் பக்குவப்படுத்திக் கொள்வோரும் உண்டு. ஆயினும் பயிற்சியைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பயிற்சி முடிந்தபின் என்ன பருகுவது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

விளையாட்டு வீரர்களிடையே ஒரு கருத்துப் பரவியிருக்கிறது. கடும் பயிற்சிக்குப் பின் சாக்லேட் பால் அருந்தினால் களைப்பு விரைவில் நீங்கும் என்பதே அது. சிறுவர்கள் விரும்பிக் குடிக்கும் ஓர் இனிப்புப் பானத்துக்கு இவ்வளவு பெருமையா என்று முதலில் நானும் நகைத்தேன். அந்த நகைப்பு எப்படி நின்றது என்பதையும், அக்கருத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு பிற்பகல்

நான் வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஓட்டங்களில் கலந்துகொள்பவன். சென்ற ஆண்டு சிதம்பரத்தில் கல்லூரிகளுக்கிடையே நடந்த தடகளப் போட்டி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். காலையில் 5,000 மீட்டர். பிற்பகலில் 1,500 மீட்டர். முதற்பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வீட்டில் ஒன்றும் உண்ணவில்லை. காலை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். அந்த மகிழ்ச்சியில் ஒரு தேநீரும் ஒரு பன்னும் போதும் என்று இருந்துவிட்டேன். பிற்பகல் ஓட்டத்தில் மூன்றாம் சுற்றிலேயே கால்கள் கனத்துவிட்டன, கண் இருண்டது. கடைசிக்கு முந்தியவனாக வந்து புல்லில் விழுந்தேன்.

காலையில் எனக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த வேறொரு கல்லூரி மாணவர் பிற்பகலில் முதலாவதாக வந்தார். என்ன செய்தீர்கள் என்று அவரிடமே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "காலையில ஓட்டம் முடிஞ்சதும் ரெண்டு பாட்டில் சாக்லேட் பால் குடிச்சேண்ணா. நாலு வாழைப்பழம் சாப்பிட்டேன். அப்புறம் நிழல்ல படுத்துட்டேன். அவ்வளவுதான்."

ஒருவர் வென்றதும் ஒருவர் தோற்றதும் அறிவியல் சான்று ஆகா. அவர் என்னைவிடத் தேர்ந்தவராக இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பியதும் நம் உடற்கல்வி இயக்குநரிடமும், விலங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடமும் ஐயங்களைக் கேட்டேன். அவர்கள் காட்டிய வழியில் படித்தறிந்தவையே இங்குத் தரப்படுகின்றன.

உடலின் நெற்குதிர்

நாம் உண்ணும் சோறு, இட்டிலி, கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து செரித்துக் குளுக்கோசாக மாறுகிறது. உடனே செலவாகாத குளுக்கோசைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் உடல் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். இதை உடலின் நெற்குதிர் எனலாம். விரைந்து ஓடும்போது உடல் பெரிதும் நம்பியிருப்பது இக்குதிரைத்தான். கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருந்தாலும், அதிலிருந்து அவ்வளவு விரைவாக ஆற்றலைப் பெற இயலாது.

குதிர் குறைந்தபின் எப்படி நிரம்புகிறது? 1966ஆம் ஆண்டில் ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ராம், எரிக் ஹல்ட்மன் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவர் இருவர் இதைத் தம் உடலிலேயே ஆராய்ந்தனர். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தனர். மற்றக் கால் ஓய்வில் இருந்தது. அதன்பின் சில நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். தசையிலிருந்து ஊசியால் துணுக்கெடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்திருந்த காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்ந்திருந்தது. இருவர் உண்டதும் ஒரே வகை உணவு. இரு கால்களுக்கும் கிடைத்ததும் ஒரே இரத்தம். உழைத்த தசையே மிகுதியாக வாங்கிச் சேமித்தது.

காலமும் முக்கியம். 1988இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஐவியும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயிற்சி முடிந்தவுடன் மாவுச்சத்துப் பானம் அருந்தியவர்களின் தசையில் கிளைக்கோஜன் விரைவாகச் சேர்ந்தது. அதே பானத்தை இரண்டு மணி நேரம் கழித்து அருந்தியபோது, சேரும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 5,000 மீட்டர் ஓட்டம் ஒன்று மட்டுமே குதிரைக் காலி செய்துவிடாது. என்னைச் சிதம்பரத்தில் வீழ்த்தியது பல காரணங்களின் கூட்டு: முந்தின நாளின் கடும் பயிற்சி, காலையில் வெறும் வயிறு, வெயிலில் இழந்த வியர்வை, பின்னர் ஒரு பன்னோடு நின்றது. இவை அனைத்தும் சேர்ந்தபோது பிற்பகலுக்கு உடலில் கையிருப்பு இல்லை.

பயிற்சிக்குப் பின் உடல் கேட்பவை நான்கு: இழந்த நீர்; வியர்வையோடு போன உப்பு; குதிரை நிரப்ப மாவுச்சத்து அல்லது சர்க்கரை; தேய்ந்த தசையைச் சீராக்கப் புரதம். இந்நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாலைப் பார்ப்போம்.

பாலில் என்ன இருக்கிறது?

நம் நாட்டு உணவுத் தர விதிப்படி, சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடு கொழுப்பும், கொழுப்பு நீங்கிய பிற திடப்பொருள்கள் 8.5 விழுக்காடும் இருத்தல் வேண்டும். எஞ்சியவற்றில் பெரும்பகுதி நீரே. அத்திடப்பொருள்களுள் பாதிக்குமேல் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, அடுத்தது புரதம். அரை லிட்டர் பாலை எடுத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 16 கிராம் புரதம், 24 கிராம் பால் சர்க்கரை, 15 கிராம் கொழுப்பு இருக்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய உப்புகளும் உண்டு.

பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின். ஒரு பங்கு மோர்ப்புரதம். மோர்ப்புரதம் விரைவில் செரித்து இரத்தத்தில் கலக்கிறது. கேசின் இரைப்பையில் திரிந்து கட்டியாகி மெல்ல மெல்லச் செரிக்கிறது. ஆதலால் தசைக்கு முதலில் சிறிது விரைவாகவும், பின்னர் நெடுநேரம் மெதுவாகவும் புரதம் கிடைக்கிறது. கடைகளில் பெருவிலைக்கு விற்கும் 'வே புரோட்டின்' என்பது இந்த மோர்ப்புரதத்தைப் பிரித்தெடுத்து உலர்த்திய தூளே அன்றி வேறன்று.

நீரைத் தக்கவைப்பதிலும் பால் சிறந்தது. 2007இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 11 பேரை வெப்பத்தில் மிதிவண்டி மிதிக்கச் செய்து, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு வியர்வையாக இழக்க வைத்தனர். பின்னர் இழந்ததைப்போல் ஒன்றரை மடங்கு பானம் அளித்தனர். தண்ணீரும் விளையாட்டுப் பானமும் குடித்தபோது சில மணி நேரத்தில் பெரும்பகுதி சிறுநீராகிவிட்டது. கொழுப்பு நீக்கிய பால் குடித்தபோது நீர் உடலில் தங்கியது. பால் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவதும், அதிலுள்ள உப்புகளும் இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. கடலூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலர்வதில்லை, உடல் குளிர்வதுமில்லை, ஆதலால் மேலும் மேலும் வியர்க்கிறது. நமக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும்.

சாக்லேட்டின் பங்கு யாது?

நீர், உப்பு, புரதம் மூன்றும் பாலிலேயே உள்ளன. அப்படியானால் சாக்லேட் எதற்கு? விடை எளிது. வெறும் பாலில் சர்க்கரை, புரதத்தைப்போல் ஒன்றரை மடங்கே உள்ளது. குதிரை விரைந்து நிரப்ப அது போதாது. சாக்லேட் பாலில் சேர்க்கும் சர்க்கரையால் அந்த விகிதம் மூன்று, நான்கு மடங்காக உயர்கிறது. ஆக, களைப்பைப் போக்குவதில் சாக்லேட்டின் பங்கு பெரும்பாலும் அதனுடன் வரும் சர்க்கரையின் பங்கே. கோகோ தூள் நிறமும் மணமும் தருகிறது. களைத்தவன் விரும்பிக் குடிக்கும்படி செய்கிறது. ஓடி முடித்தவுடன் பலருக்கு உணவு இறங்காது. அந்நேரத்தில் குளிர்ந்த இனிப்புப் பானம் எளிதில் இறங்குவதும் ஒரு நன்மைதான்.

நம் வீடுகளில் இது புதிதுமன்று. பூஸ்ட், போர்ன்விட்டா கலந்த பாலை அறியாத குழந்தை நம் ஊர்களில் அரிது. 1980களில் கிரிக்கெட் வீரர் கபில் தேவ் பூஸ்ட் விளம்பரத்தில் தோன்றியதை மூத்தோர் நினைவுகூர்வர். அவை மால்ட்டும் கோகோவும் சர்க்கரையும் சேர்ந்த தூள்கள். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ்க் காட்ட வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணையவழி வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மிகுதியாகும் சர்க்கரை, பத்துக் கிலோமீட்டர் ஓடியவனுக்கு எரிபொருளாகிறது. பானம் ஒன்றே, குடிப்பவனின் உழைப்பே வேறு.

ஆய்வுகள் கூறுவது

சாக்லேட் பாலுக்குப் புகழ் தேடித் தந்தது 2006இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர் 9 பேர் முதலில் தசையின் கிளைக்கோஜன் குறையும்படி கடுமையாக மிதித்தனர். பின்னர் நான்கு மணி நேர ஓய்வு. ஓய்வின் தொடக்கத்திலும் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு பானம் தரப்பட்டது. ஒரு முறை சாக்லேட் பால். ஒரு முறை சர்க்கரையும் உப்பும் கலந்த விளையாட்டுப் பானம். ஒரு முறை மாவுச்சத்தும் புரதமும் கலந்த விலையுயர்ந்த பானம். ஓய்வுக்குப் பின் களைத்துப் போகும்வரை மீண்டும் மிதிக்கச் செய்தனர். சாக்லேட் பால் குடித்தபோது அவர்கள் மூன்றாவது பானம் குடித்தபோதைவிட நெடுநேரம் மிதித்தனர்.

இதுவரை பலரும் சொல்வர். சொல்லாமல் விடுவது இரண்டு செய்திகள். ஒன்று, சர்க்கரையும் உப்பும் கலந்த விளையாட்டுப் பானமும் சாக்லேட் பாலுக்கு நிகராகவே பயன் தந்தது. இரண்டு, அவ்வாய்வுக்குப் பால் தொழிலைச் சார்ந்த அமைப்பு ஒன்றின் பொருளுதவியும் இருந்தது. பொருளுதவி பெற்றதாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் 9 பேரைக் கொண்ட ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு உலகுக்கெல்லாம் தீர்ப்புக் கூறலாகாது. பின்னர் 12 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை 2018இல் வெளிவந்தது. சாக்லேட் பால் பிற பானங்களுக்கு நிகரானது அல்லது சற்று மேலானது. எனினும் சான்றுகள் வலுவானவை அல்ல. இன்னும் நல்ல ஆய்வுகள் வேண்டும் என்பதே அதன் முடிவு.

எனவே சாக்லேட் பால் மாய மருந்தன்று. மேலே சொன்ன நான்கு தேவைகளையும் ஒரே குவளையில் ஓரளவு நிறைவேற்றும் எளிய பானம் என்று கொள்வதே நேர்மை.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டா?

குதிர் நிரம்ப உடலுக்கு ஒரு நாள் முழுவதும் கிடைக்குமானால், அவசரம் ஒன்றுமில்லை. காலையில் அரைமணி நேரம் ஓடிவிட்டு மறுநாள் காலைதான் மீண்டும் ஓடப் போகிறவருக்கு வீட்டுச் சாப்பாடே போதும். இட்டிலி, சாம்பார், சோறு, பருப்பு, மோர் ஆகியவற்றில் நான்கு தேவைகளும் அடங்கியுள்ளன. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். அதற்காக ஓடிப் பழகும் நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரே நாளில் இரு முறை கடும் பயிற்சி செய்வோர், காலையும் மாலையும் போட்டியில் இறங்குவோர், ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஓடுவோர், ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடும் கபடி வீரர் ஆகியோருக்கே பயிற்சி முடிந்தவுடன் இத்தகைய பானம் தேவைப்படுகிறது. இரு பயிற்சிகளுக்கிடையே சில மணி நேரமே இருக்குமானால், முதல் நான்கு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 கிராம் அளவில் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவ வல்லுநர் பரிந்துரை. புரதம் கிலோவுக்கு 0.25 முதல் 0.3 கிராம் வரை ஒரு வேளைக்குப் போதும்.

என் எடை 56 கிலோ. எனக்கு மணிக்கு 56 கிராம் மாவுச்சத்தும், ஒரு வேளைக்கு 14 முதல் 17 கிராம் புரதமும் வேண்டும். அரை லிட்டர் பாலில் புரதம் 16 கிராம் வந்துவிடுகிறது. பால் சர்க்கரை 24 கிராம். நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கிராம். ஒரு சிறிய வாழைப்பழத்தில் ஏறத்தாழ 15 கிராம். ஆக முதல் மணி நேரத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதன்பின் சோறோ இட்டிலியோ உண்ணலாம். இவ்வளவுதான் கணக்கு.

நீர்க் கணக்கும் எளிதே. ஓடுமுன்பும் ஓடியபின்பும் எடை பார்த்தல் வேண்டும். ஒருநாள் கடற்கரையில் பத்துக் கிலோமீட்டர் ஓடி வந்தபோது என் எடை 1.2 கிலோ குறைந்திருந்தது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை பருக வேண்டும் என்பது விதி. அதன்படி எனக்கு 1.5 முதல் 1.8 லிட்டர் வரை தேவை. அரை லிட்டர் பால். எஞ்சியது தண்ணீரும் நீர்மோருமாகச் சிறிது சிறிதாக.

பயிற்சி இல்லாத நாளில் இனிப்புப் பால் குடிப்பது வீண். சிலருக்குத் தீங்கும் ஆகலாம். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, நாளொன்றுக்குப் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கலாகாது.

பால் ஒவ்வாதவர் என் செய்வது?

பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்போர் நம்மிடையே பலர். இது நோயன்று. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. வளர்ந்த பின்னும் அது குறையாதிருக்கச் செய்யும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் மிகுதியாகவும், தெற்கே குறைவாகவும் காணப்படுகிறது. அத்தகையோருக்குத் தயிரும் மோரும் ஏற்றவை. பால் தயிராகும்போது நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுகின்றன.

நம் முன்னோர் வயலிலிருந்து திரும்பியதும் பருகிய பழையசோற்று நீராகாரத்தையும் மோரையும் எண்ணிப் பாருங்கள். நீர் இருக்கிறது; உப்பு இருக்கிறது; சோற்றின் மாவுச்சத்து இருக்கிறது; மோரால் சிறிது புரதமும் இருக்கிறது. புரதம் மட்டும் போதாது. அதை ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையோ ஓர் அவித்த முட்டையோ ஈடு செய்யும். நம் மாவட்டத்தில் கடலை விளைகிறது, கரும்பு விளைகிறது, வாழையும் உண்டு. பயிற்சிக்குப் பின் வேண்டிய பொருள் எதையும் நாம் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை.

டப்பா மாவின் கதை

என் நண்பர் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, கடன் வாங்கி மூவாயிரம் ரூபாய்க்குமேல் கொடுத்து ஒரு டப்பா புரத மாவு வாங்கினார். அது ஒரு மாதம்தான் வந்தது. கடன் நான்கு மாதம் வந்தது. அம்மாவு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் 2024இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரத மாவுகளைக் கேரள மருத்துவர் குழு ஒன்று சோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரதத்தின் அளவு சீட்டில் கண்டபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் காணப்பட்டது.  நம் நண்பர்கள் கடன்படுமுன் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் படித்தபின் எனக்கு உறைத்தது வேறொன்று. புதுச்சத்திரத்தை அடுத்துள்ள எங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு கறவை மாடு உண்டு. அம்மா காலையும் மாலையும் பாலைக் கறந்து சங்கத்தில் ஊற்றி வருகிறார். வீட்டுக்கு நிற்பது காபிக்கு ஓர் ஆழாக்கு. அந்தப் பால் பணத்தில்தான் தங்கையின் படிப்பு நடக்கிறது. பால் கறக்கும் வீட்டில் பிறந்த நான், சிதம்பரத்தில் பால் குடித்தவரிடம் தோற்று வந்திருக்கிறேன்!

அரை லிட்டர் வேண்டும் என்று கேட்க எனக்குத் தயக்கம். ஆகவே முதலில் கணக்குப் போட்டேன். பசும்பாலின் கொள்முதல் விலையை 2023 டிசம்பரில் தமிழக அரசு லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. அந்த விலைப்படி அரை லிட்டருக்கு 19 ரூபாய். நாள்தோறும் குடித்தால் மாதம் 570 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அது தாங்காது. ஆனால் எனக்கு இருவேளைப் பயிற்சி வாரத்தில் செவ்வாய், சனி இரு நாள்களே. மாதத்துக்கு ஒன்பது நாள் என்றால் 171 ரூபாய். மற்ற நாள்களில் எனக்கு அது தேவையே இல்லை என்பதை அறிவியலே சொல்லிவிட்டது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "வாயத் தொறந்து கேட்டாதானேடா தெரியும்? காபித் தண்ணியக் குடிச்சிட்டு ஓடுறவன் நீ. ரெண்டு நாளுதானே, எடுத்துக்க. தெனமும்னா முடியாது, பாத்துக்க" என்றார்.

இப்போது செவ்வாய், சனிக்கிழமைகளில் அம்மா காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் பாலைக் குப்பியில் கொண்டு வருகிறேன். செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தேக்கரண்டி கோகோ தூளை முதலில் சிறிது வெந்நீரில் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ள வேண்டும். நேரே பாலில் போட்டால் மிதக்கும். பிறகு பாலில் ஊற்றி, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கலக்க வேண்டும். வெல்லம் போட விரும்புவோர் பால் நன்கு ஆறியபின் போடவேண்டும். சூட்டில் போட்டால் பால் திரிந்துவிடலாம். பச்சைப்பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. கோடைக்காலத்தில் குப்பியை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கோகோ இல்லையேல் கவலை வேண்டா. பாலும் சர்க்கரையும் வாழைப்பழமும் அதே வேலையைச் செய்யும்.

இவ்வாண்டும் சிதம்பரத்தில் ஒரு போட்டிக்குச் சென்று வந்தேன். இம்முறை காலையில் இட்டிலி உண்டு சென்றேன். முதல் ஓட்டம் முடிந்ததும் பாலும் பழமும் உட்கொண்டு மரத்தடியில் படுத்தேன். பிற்பகல் 1,500 மீட்டரில் நான்காவதாக வந்தேன். பரிசு இல்லை. ஆனால் கடைசிச் சுற்றை நடவாமல், தலை சுற்றாமல், முன்னால் போனவரை எட்டிப் பிடிக்கும் எண்ணத்தோடு ஓடி முடித்தேன். இதற்குப் பால் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காலை உணவும் ஓய்வும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்த பயன் அது. டப்பா மாவு வாங்கிய நண்பரும் அன்று என்னோடு வந்திருந்தார். குப்பியில் பாதியை அவர்தான் குடித்தார்.

முடிவாக, நண்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். கடும் உழைப்புக்குப் பின் உடல் கேட்பது நீர், உப்பு, சர்க்கரை, புரதம் என்னும் நான்கே. சாக்லேட் பால் அந்நான்கையும் கொண்டுள்ள ஒரு நல்ல பானம். ஆனால் ஒரே பானம் அன்று. எவ்வளவு உழைத்தோம் என்று முதலில் பார்த்து, அதற்கு ஏற்ப அளந்து பருக வேண்டும். நம்மில் பலர் வீட்டில் மாடு இருக்கிறது. பால் சங்கத்துக்குப் போகிறது. கடன் வாங்கி டப்பாவைத் தேடுமுன், இருவேளைப் பயிற்சி நாளில் ஒரு குவளைப் பாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட்டு நான் ஓராண்டை இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டா.